தோற்கும் அணிக்குத் தொண்டு

பெங்களூரு எஃப்சி கால்பந்துக் கழகம் 2013 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன் ஆதரவாளர் குழுவான வெஸ்ட் பிளாக் புளூஸ் முதல் பருவத்திலேயே உருவாயிற்று. அப்போது அணி அசோக் நகரிலுள்ள பெங்களூர் கால்பந்து அரங்கில் ஆடியது. அங்கே மேற்குக் கேலரியில் திரண்டு பாடியவர்கள் தாங்கள் நின்ற இடத்தையும் அணியின் நீல நிறத்தையும் சேர்த்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அணி ஸ்ரீ கண்டீரவா அரங்குக்கு மாறியபோது அவர்களும் உடன் சென்று, அங்கும் மேற்குப் பக்கத்தையே தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள்.

இத்தகைய குழுவுக்கு ஆட்டம் தொடங்குவதற்குப் பல நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். பதாகைக்குத் துணி வாங்கி வண்ணம் தீட்ட வேண்டும். முரசு அடிப்பவருக்கு முறை வைக்க வேண்டும். பாட்டை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்தே நிற்பார். வெளியூர் ஆட்டத்துக்குப் பயணம் ஏற்பாடு செய்ய வேண்டும். இவை எதற்கும் கூலி இல்லை. கூலி இல்லாமல், முறை தவறாமல், தன்னைவிடப் பெரிதென்று கருதும் ஒன்றுக்காகச் செய்யும் வேலைக்குத் தமிழில் தொண்டு என்று பெயர். கால்பந்து ஆதரவும் ஒருவகைப் பக்தியா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட சமய ஆய்வு இக்கேள்விக்கு ஒரு வழி காட்டுகிறது. மனிதர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே அசைவில், ஒரே ஒலியில் ஈடுபடும்போது தனி ஒருவரிடம் இல்லாத ஒரு வேகம் எல்லோரிடமும் பொங்குகிறது. அந்த வேகத்தைத் தங்களுக்கு வெளியே உள்ள ஒரு சின்னத்தின் ஆற்றலாக அவர்கள் உணர்கிறார்கள். இதுவே சமய உணர்வின் ஊற்று என்றார் துர்கைம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் மேற்குக் கேலரிக்கு எதிரே வந்து நிற்க, முரசின் ஒற்றை அடிக்கு எல்லோரும் கை தூக்கித் தட்டும் வழக்கத்தில் இதைக் காணலாம். 2016 ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்து ஆதரவாளர்களால் உலகறிந்த கைதட்டு அது.

கண்டீரவா அரங்கு அமைந்துள்ள நிலத்துக்கும் ஒரு சமய நினைவு உண்டு. அது முன்பு சம்பங்கி ஏரியின் படுகை. ஏரி மறைந்துவிட்டாலும், பெங்களூரு கரகத் திருவிழாவின் சடங்குக்காக அதன் சிறு பகுதி அரங்கின் அருகே இன்றும் குளமாக எஞ்சியிருக்கிறது. தர்மராயசுவாமி கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் புறப்படும் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், திகளர் சமூகத்தைச் சேர்ந்த வீரகுமாரர்கள் உருவிய வாளோடு அதற்குக் காவலாக உடன் செல்கிறார்கள். கரகம் சுமப்பவர் ஒருவர். அவரைச் சூழ்ந்து செல்வோர் பலர். அந்தப் பலர் இல்லாமல் ஊர்வலம் இல்லை. இதே நகரில், அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், தமிழர் மிகுதியாக வாழும் தெருக்களில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. வணங்கத் தக்கவர் யார் என்ற கேள்விக்கு அந்த மக்கள் தந்த விடை அது.

ஒற்றுமை இவ்வளவு இருந்தும், பக்திக்கும் கால்பந்து ஆதரவுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அடியார் வணங்கும் தெய்வம் தோற்பதில்லை. அருள் தாமதமானால் அதைச் சோதனை என்றோ வினைப்பயன் என்றோ விளங்கிக்கொள்ளச் சமயத்தில் இடம் உண்டு. அணியோ எல்லோர் கண்ணெதிரிலும் தோற்கிறது. பெங்களூரு எஃப்சி 2016இல் ஏஎஃப்சி கோப்பையின் இறுதிக்குச் சென்ற முதல் இந்தியக் கழகமாகி, தோகாவில் ஈராக்கின் அல் குவா அல் ஜவியாவிடம் 0-1 என வீழ்ந்தது. 2018 மார்ச் 17 அன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம் கண்டீரவாவிலேயே நடந்தது. சொந்த மக்கள் முன்னால் சென்னையின் எஃப்சியிடம் 2-3 என அணி தோற்றது. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில், மும்பையில் கோவாவை வென்று கோப்பையைப் பெற்றது. வெற்றி வரும் என்று தெரிந்து காத்திருந்தவர் எவரும் இல்லை. வராமலே போகக்கூடும் என்று அறிந்தே அவர்கள் மீண்டும் கேலரிக்கு வந்தார்கள். பயன் கருதாத செயலைப் பற்றி நம் மரபு நெடுங்காலமாகப் பேசிவருகிறது. அதை எளிய அளவில் பழகிப் பார்க்கும் இடமாகவும் கேலரி இருக்கக்கூடும்.

இந்தப் பற்று எதன் மீது என்பது அடுத்த கேள்வி. வீரர்கள் மாறுகிறார்கள்; பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள்; அரங்கும் மாறியது. கொல்கத்தாவில் மோகன் பகான் ஆதரவு பாட்டன் வழிச் சொத்தாக வருவது. 2013இல் பிறந்த கழகத்துக்கு அப்படி ஒரு முன்னோர் வழி கிடையாது. நேசத்தை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆண்டு மாறினாலும் மாறாமல் தொடர்வது, கூடிப் பாடும் அந்தத் திரள்தான். சைவ மரபு இதை வேறு தளத்தில் உணர்ந்திருந்தது. சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை அடியார்களை வரிசைப்படுத்திப் போற்றும் பதிகம். அதையே விரித்து, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணமாக்கினார். அடியார் திரளே வணக்கத்துக்கு உரியது என்ற அந்தப் பார்வை, ஆதரவாளர் குழுவைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், இந்தியன் சூப்பர் லீக்கின் 2020-21 பருவ ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில் பூட்டிய அரங்குகளுக்குள் நடந்தன. கோல்கள் விழுந்தன, புள்ளிகள் எண்ணப்பட்டன. ஆனால் அவற்றைத் தங்களுடையவை என்று அங்கே நின்று ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை.

பற்று கெட்டுப்போகும் வழிகளும் இரண்டு உண்டு. ஒன்று, ஒழுங்கில்லாத பெருக்கம். 2025 ஜூன் 4 அன்று, கப்பன் பூங்காவை ஒட்டிய சின்னசாமி கிரிக்கெட் அரங்கின் வாயில்களில், ஒரு கிரிக்கெட் அணியின் வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அன்பு காட்ட வந்தவர்கள் அவர்கள். திரளைக் காக்கும் பொறுப்பு ஏற்பாடு செய்வோருடையது என்பதை அந்த நாள் கொடுமையாக உணர்த்தியது. மற்றொன்று, பகை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்சில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள்.

பகைக்கு மாற்று என்ன என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோசையா ராய்ஸ் 1908இல் பற்றுறுதியைப் பற்றி எழுதிய நூலில் ஆராய்ந்தார். ஒருவர் தம் இலட்சியத்தின் மீது வைக்கும் பற்று, பிறர் தம் இலட்சியத்தின் மீது வைத்த பற்றை அழிக்குமானால் அது தீயது. அதை வளர்க்குமானால் நல்லது. இதைப் பற்றுறுதியின் மீதான பற்றுறுதி என்றார் அவர். கால்பந்துக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் எதிரணி இல்லாமல் ஆட்டமே இல்லை. பெங்களூரு நீலத்துக்கும் கேரளா பிளாஸ்டர்சின் ஆதரவாளர் குழுவான மஞ்சப்படைக்கும் உள்ள போட்டி நாடறிந்தது. எதிர்க் கேலரியில் தொண்டை கிழியப் பாடுபவரும் பதாகைக்கு இரவெல்லாம் வண்ணம் தீட்டியவர்தான். 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில், மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதற்கு எதிரான போராட்டங்களுக்கிடையே டுராண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானபோது, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஆதரவாளர்கள் அரங்குக்கு வெளியே தோளோடு தோள் சேர்ந்து நீதி கேட்டார்கள். பல தலைமுறைப் போட்டியால் பிரிந்திருந்தவர்கள் மற்றவரின் பற்றில் தம் பற்றையே அடையாளம் கண்ட நாள் அது.

ஆகவே கால்பந்து ஆதரவு சமயம் ஆகாது. அது வீடுபேறு தருவதில்லை. இறப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் பக்திக்குத் தேவையான பழக்கங்கள் சிலவற்றை அது கற்றுத் தருகிறது: குறித்த நேரத்தில் வருதல், பிறரோடு குரல் சேர்த்தல், கூலியின்றி உழைத்தல், தோல்வியிலும் விலகாமல் நிற்றல். இவற்றோடு எதிரணியின் தொண்டரையும் தொண்டராக மதிக்கும் மனம் சேரும்போதுதான் அந்தக் கல்வி முழுமை பெறுகிறது. வேகம் எந்தக் கூட்டத்துக்கும் தானாக வந்துவிடும். அந்த வேகத்தைத் தொண்டாக மாற்றுவதே ஒரு குழுவை அமைப்பவரின் பணி.