உராய்வும் ஒழுக்கமும்

அயல் மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில், "யாரோடும் உரசாமல் இரு" என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. இஃது அறமா, வெறும் அச்சமா?

ஓடும் பொருளை நிறுத்துவது உராய்வு. ஆயினும் அஃதின்றேல் நாம் ஓரடியும் நடக்கவியலாது. பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதியின் செயல் அது. எண்ணெய் சிந்திய தரையில் அத்தள்ளலுக்குப் பிடிப்பு ஏது?

நம்மை ஊருக்கு ஏற்றிச் செல்லும் இரயிலையே பாருங்கள். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் மிகக் குறைந்த தடையோடு உருள்வதால்தான் அத்தனை பெட்டிகளையும் ஓர் எஞ்சின் இழுக்கிறது. சக்கர அச்சுக்கு மசகும் இடுகிறார்கள். ஆனால் மழையில் தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கினால், ஓட்டுநர் அதன் முன்னே மணலைத் தூவுகிறார். (இதற்கென்றே எஞ்சினில் மணற்பெட்டி உண்டு; பயணிகளில் பலர் அதனைக் கவனிப்பதில்லை.)

அலுவலகத்திற்கு வருவோம். ஒரு கைம்பெண்ணின் குடும்ப ஓய்வூதியத்தைக் குறைத்துக் கணக்கிட்ட கோப்பு, கையொப்பத்தின்மேல் கையொப்பமாய் மேசைதோறும் வழுக்கிச் செல்கிறது. எழுத்தர் ஒருவர் மட்டும் 'விதி அவ்வாறில்லை' என்று எழுதி நிறுத்துகிறார் என்க. உடனிருப்போர் அவரைச் சண்டைக்காரர் என்பர். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம்.