பயணப் பையில் பேணுதல்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் நம் பகுதிச் சகோதரர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இஹ்ராமைப் பற்றியும் தவாஃபைப் பற்றியுமே இருக்கின்றன. பையில் என்னென்ன வைப்பது என்பதை யாரும் மார்க்கக் கேள்வியாகக் கேட்பதில்லை. அது வீட்டுப் பெண்களின் காரியம், அல்லது முன்பே போய் வந்த ஒரு ஹாஜியாரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று விட்டுவிடுகிறோம். சோப்பு எத்தனை, தலைக்கு எண்ணெய் எவ்வளவு, அத்தர் சீசாவைக் கையில் வைப்பதா, பெட்டியில் போடுவதா என்பனவெல்லாம் உலகக் காரியங்கள் என்பது நம் எண்ணம். ஆனால் அந்தப் பைக்குள் மார்க்கம் இருக்கிறது. சில வேளைகளில் பிறர் உயிரும் இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து மக்களாகிய நமக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது என்று நம்புகிறோம்.

பயணத்துக்குச் சாமான் சேர்ப்பது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. யமன் நாட்டிலிருந்து சிலர், அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்துவிட்டோம் என்று சொல்லி வெறுங்கையோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வந்து, மக்காவில் மக்களிடம் யாசித்தார்கள். அவர்கள் விஷயமாகத்தான் பயணத்துக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம் அல்பகரா அத்தியாயத்தில் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வருகிறது. அதே வசனம், கட்டுச் சாதத்தைப் பற்றிச் சொன்ன கையோடு, சாமான்களில் எல்லாம் மேலானது தக்வா என்றும் நினைவூட்டுகிறது. இரண்டும் ஒரே வசனத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பை கட்டுவது ஒரு காரியம், இறையச்சம் வேறொரு காரியம் என்று அங்கே பிரித்துவைக்கப்படவில்லை.

இஹ்ராமுக்கு வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நிய்யத்துக்கு முன்பு உடலில் மணம் பூசுவது சுன்னத்து. நிய்யத்துக்குப் பின்பு கூடாது. ஜித்தாவுக்கு நேராகப் பறக்கிறவர்கள் வானத்திலேயே மீக்காத்தைக் கடந்துவிடுவதால், விமானம் ஏறும்போதே இஹ்ராம் துணியில் இருப்பது நல்லது. அப்படியானால் கைப்பையில் இருக்க வேண்டியது மணமில்லாத சோப்பு. வாசனைச் சோப்பும் அத்தரும் நகவெட்டியும் கத்தரிக்கோலும் பெரிய பெட்டியில் கிடக்கட்டும். பற்பசையின் வாசனை பற்றி அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. மிஸ்வாக் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. விமான நிலையத்தில் பற்பசையைத் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள். மிஸ்வாக் குச்சியை யாரும் அளப்பதில்லை!

அளக்கும் கதைக்கு வருவோம். வெளிநாட்டு விமானத்தில் ஏறுகிறவர் கைப்பையில் வைக்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, அத்தர் எதுவாயினும் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்கு மேற்படாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் அடங்க வேண்டும் என்பது விதி. பாட்டிலில் எழுதியுள்ள அளவுதான் கணக்கு. 200 மில்லி சீசாவில் கால் பாகம் எண்ணெய் இருந்தாலும் அதை அனுமதிக்கமாட்டார்கள். புதுக் கருவிகள் வந்துவிட்ட சில நாட்டு விமான நிலையங்களில் இதைத் தளர்த்தி வருகிறார்கள் என்றாலும், நாம் போகிற வழிகளில் இன்னும் இதுவே நடைமுறை.

இந்த விதி எங்கிருந்து வந்தது? 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி, லண்டனிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் பறக்கும் விமானங்களைத் தகர்க்கச் சிலர் போட்ட திட்டம் பிடிபட்டது. அதன் பிறகே உலகெங்கும் திரவங்களுக்கு அளவு வந்தது. வழக்கு நடந்து தண்டனை பெற்றவர்கள் முஸ்லிம் பெயர்களைத் தாங்கியவர்கள். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அப்பாவிப் பயணிகளை, அவர்களில் குழந்தைகளையும் நோயாளிகளையும், நடுவானில் கொல்ல எண்ணியவர்களுக்கும் நம் தீனுக்கும் சம்பந்தமில்லை என்று நாம் சொல்வது உண்மை. ஆனால் அந்தச் செயலின் நிழல் நம் தாடியின் மீதும் நம் பெண்களின் துப்பட்டியின் மீதும் விழுகிறது என்பதும் உண்மையே.

இங்கேதான் மனம் ஒரு தப்பு வழியைக் கண்டுபிடிக்கிறது. வரிசையில் நிற்கும் நூறு பேரில் தொப்பி போட்டவரைத் தனியே அழைத்துப் பையைக் கொட்டிச் சோதிக்கிறார்கள். அவருக்கு நெஞ்சு எரிகிறது. எரியாமல் இருக்க அவர் கல்லல்லவே! மறுமுறை அவர் பயணம் போகும்போது, தடுக்கப்பட்ட பொருள் ஒன்று எப்படியோ சோதனையில் தப்பி உள்ளே போய்விட்டால், அது அவருக்கு ஒரு வெற்றியாகத் தோன்றுகிறது. ஊருக்கு வந்ததும் ஜமாஅத்தில் உட்கார்ந்து, எப்படிக் கொண்டுபோனேன் தெரியுமா என்று கதை சொல்கிறார். கேட்கிறவர்களும் கெட்டிக்காரர் என்று மெச்சுகிறார்கள். அவமானப்படுத்திய அதிகாரிக்குப் பதில் கொடுத்துவிட்ட திருப்தி அவருக்கு. ஆனால் அந்த அதிகாரி விமானத்தில் ஏறவில்லை. ஏறியவர்கள் வேறு ஆட்கள்: இவருடைய பீவி, பக்கத்து ஊர் ஹாஜியார், கைக்குழந்தையோடு வேலைக்காரக் கணவனைத் தேடிப் போகும் ஒரு பெண். அதிகாரி செய்த அநியாயம் அதிகாரியின் கணக்கில் எழுதப்படும். அதை எடுத்துக்காட்டி நாம் இவர்களுக்குச் செய்யும் அநியாயத்தைச் சரிக்கட்ட முடியாது. மரியாதையில்லாமல் நடத்தினால் அதை எழுதிக் கொடுத்து முறையிடும் உரிமை நமக்கு உண்டு, முறையிடவும் வேண்டும். அது வேறு, இது வேறு.

எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்றால், நம் பகுதியில் பெரும்பாலும் அது இரண்டு பொருள்தான். ஒன்று தீப்பெட்டி. மற்றொன்று கம்பி மத்தாப்பு. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பேரப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்ச் சாமான் என்று நன்னா ஆசையோடு ஒரு பாக்கெட் மத்தாப்பை வேட்டி மடிப்புக்குள் வைத்துவிடுகிறார். தீப்பெட்டியோ சோப்பு டப்பாவோடு சேர்ந்தே போய்விடுகிறது; இங்கே தீப்பெட்டி இல்லாத வீடு ஏது? நம் நாட்டு விமானங்களில் தீப்பெட்டியைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. பட்டாசு வகை எதுவாயினும், குழந்தைகள் அடிக்கும் பொட்டு வெடி உட்பட, உலகில் எந்தப் பயணியும் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது.

சின்னப் பொருள்தானே என்று வெளியூர்க்காரர் சொன்னால் அறியாமை என்று விடலாம். நாம் சொல்லலாமா? பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது ஏன் என்பதும் தெரியும். உராய்வுதான் இங்கே எமன். தீக்குச்சியின் தலையில் உள்ள குளோரேட்டும் பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸும் உரசினால் போதும். மத்தாப்பு மருந்தில் இன்னொரு குணமும் இருக்கிறது. சாதாரண நெருப்பு காற்றைத் தின்று வளர்கிறது. காற்றை அடைத்தால் அடங்கும். மத்தாப்பு மருந்திலோ ஆக்ஸிஜனைத் தரும் உப்பு உள்ளேயே கலந்திருக்கிறது. மூடினாலும் அது எரியும். விமானத்தின் சரக்கு அறையில் தீயை அமுக்க வாயுவைப் பாய்ச்சும் ஏற்பாடு உண்டு. தன் காற்றைத் தானே சுமந்து வரும் நெருப்பிடம் அந்த ஏற்பாட்டை நம்பியிருக்க முடியாது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம் மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த சுற்றுவட்டாரத்து மக்களும். விதியை மீறியவர் ஒருவர், வெந்தவர் இன்னொருவர். நெருப்பு யாருடைய சரக்கு என்று விசாரித்துவிட்டுப் பற்றுவதில்லை.

இறையில்லப் பயணிகளுக்கே இது நேர்ந்திருக்கிறது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் போன காலத்தில் (அந்தக் கப்பல் 1995-இல் நின்றது) தகரப் பெட்டியில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். மினாவில் சமைத்துச் சாப்பிட வேண்டுமே! அந்தப் பழக்கம் விமானத்திலும் ஏறியது. 1979 நவம்பர் 26-ஆம் தேதி ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவிலிருந்து கராச்சிக்குப் புறப்பட்ட பாகிஸ்தான் விமானத்தின் உள்ளே, பின்பகுதியில் தீப்பிடித்தது. விமானம் தாயிஃப் அருகே விழுந்து 156 பேரும் ஷஹீதானார்கள். காரணம் முடிவாகத் தெரியவில்லை. ஹாஜி ஒருவர் கொண்டுவந்த ஸ்டவ்விலிருந்து எண்ணெய் கசிந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. ஒன்பது மாதம்கூட முடியவில்லை, 1980 ஆகஸ்ட் 19-ஆம் தேதி ரியாத்திலிருந்து ஜித்தாவுக்குக் கிளம்பிய சவூதி விமானத்தின் சரக்கு அறையில் தீ. விமானி திரும்பிவந்து பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டார்; ஆயினும் கதவு திறக்கப்படுவதற்குள் உள்ளே இருந்த 301 பேரும் இறந்துபோனார்கள். அந்தத் தீயின் மூலமும் நிச்சயமாகவில்லை. சிதைவுகளுக்கிடையே இரண்டு கேஸ் அடுப்புகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் தீயவர்கள் அல்லர்; பிறருக்குக் கெடுதி நினைத்தவர்களும் அல்லர். வழியில் ஒரு வாய் தேநீர் காய்ச்சிக் குடிக்கலாம் என்பதற்கு மேல் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமை காட்டினார்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை கொடுப்பானேன், நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்பது அதன் கருத்து. நாம் இந்த ஹதீஸைப் படிக்குந்தோறும் வியப்பது ஒன்று உண்டு. ஓட்டை போட நினைத்தவர்களின் நோக்கம் கெட்ட நோக்கமன்று. பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நல்லெண்ணமே. போட நினைத்த இடமும் அவர்களுக்குச் சீட்டு விழுந்த இடம்தான். இருந்தும் அந்த இடத்தில் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. விமானத்தில் என் பெட்டி, என் பை என்று நாம் சொல்வதும் இதே கீழ்த்தளத்துப் பேச்சுதான்.

சிலர் கேட்கலாம்: பத்துத் தடவை கொண்டுபோயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே? இருபது வருஷமாக இப்படித்தான் மருந்து கலக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று ஆலையில் சொல்பவரிடம் இந்தக் கேள்வியை நாம் ஏற்றுக்கொள்வோமா? அன்றியும், டிக்கெட் வாங்குவது ஓர் ஒப்பந்தம். தடுக்கப்பட்ட பொருள் ஏதும் இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்கும்போது இல்லை என்று தலையசைப்பது ஒரு வாக்குமூலம். அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித்தான். லப்பைக் சொல்லப் போகிற நாவு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பொய் சொல்ல வேண்டுமா?

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. புறப்படும் அன்று இரவு அடுத்த தெரு அம்மா ஒருவர் வருகிறார். "பாய், என் மகன் ஜித்தாவுலதான் இருக்கான். இதைக் கொஞ்சம் அவன்கிட்ட சேர்த்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று தைத்து மூடிய பொட்டலத்தை நீட்டுகிறார். உள்ளே எண்ணெயும் மசாலாப் பொடியும் சோப்பும் என்கிறார். விருதுநகர் மசாலாவுக்குப் பேர் போன ஊர். அந்தப் பொடியில் கசகசா இருந்தால் சவூதியிலும் துபாயிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், சிறை வரைக்கும் கொண்டுபோகும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அமானிதத்தை மறுப்பது தாயின் மனத்தை நோகடிப்பதாகுமே என்று நம்மவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் கருத்தைச் சொல்கிறோம்: அமானிதம் என்பது ஏற்ற பிறகுதான் கடமை, ஏற்பதற்கு முன்பு பிரித்துப் பார்க்கும் உரிமை சுமக்கிறவருக்கு உண்டு. "அம்மா, தப்பா நினைக்காதீங்க, உங்க முன்னாலயே பிரிச்சு, கட்டிக்கிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அந்த அம்மா வருந்தினால் பத்து நிமிஷம் வருந்துவார். கூடாததை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, மீதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே உண்மையான உதவி. பிரிக்கச் சம்மதிக்காதவரின் பொட்டலத்தை வாங்க வேண்டியதில்லை.

சோதனையில் எடுத்துக் குப்பையில் போடும் அத்தரும் எண்ணெயும் வீண்விரயம் ஆகாதா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். ஆகும்தான். ஆனால் அந்த விரயம் சோதனை மேசையில் நடந்ததன்று. பை கட்டிய இரவிலேயே நடந்தது. வீட்டிலேயே சின்னச் சீசாக்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் தீர்ந்தது. மறதியாக ஏதாவது தங்கிவிட்டால், வழியனுப்ப வந்த பிள்ளைகள் விமான நிலைய வாசலில் நிற்கும்போதே பையை ஒருமுறை திறந்து பார்த்து, அவர்களிடம் கொடுத்துவிடலாம். மதுரைக்கானால் விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அன்று மாலைக்குள் அந்த எண்ணெய்ச் சீசா வீட்டு மாடத்துக்குத் திரும்பிவிடும்.