இருப்பு

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். சதுரகிரி ஏற வந்தவர்களின் கூட்டத்தால் வத்திராயிருப்பு நிறைந்திருந்தது. தாணிப்பாறை பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களை விலக்கிக்கொண்டு என் தங்கை மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த வாரம் அமெரிக்கப் பயணம். கணவர் முன்னதாகவே போய், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்தபோது, கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே வாடகை. அதற்கும் கீழே அந்த வீட்டுப் பிள்ளைகள் சேரவேண்டிய பள்ளியும், அதற்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும்.

"ஒன்பது இருக்கிற இடத்துல வாடகை கட்டுபடியாகல மாமா. ஆறு இருக்கிற இடத்துல கட்டுபடியாகுது. என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அவள் குரலில் இருந்தது கணக்கு அல்ல, அச்சம். ஒரு தெரு தவறினால் பிள்ளையின் வாழ்வே தவறிவிடுமோ என்ற அச்சம். நம் முன்னோர் விதி என்று சொல்லி இறக்கிவைத்த சுமையை, நாம் தேர்வு என்று பெயர் மாற்றித் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். சுமக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் இப்படி யாராவது அஞ்சினால் ஒரு பெயரைச் சொல்லித் தேற்றுவது வழக்கம். 1898இல் இந்தப் பக்கத்தில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பு இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கல்கத்தாவில் சி. வி. ராமனோடு சேர்ந்து 1928இல் ஒளிச்சிதறலின் புதிய வகை ஒன்றைக் கண்டறிந்தவர். 1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அவர் படித்த பள்ளிக்கு யார் மதிப்பெண் போட்டார்கள் என்று கேட்போம். அன்றும் கேட்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். அது பாதி உண்மைதான். அந்த நாளில் பள்ளியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது சரி. ஆனால் தேர்வு நடக்கவில்லை என்பது சரியல்ல. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. எந்தத் தெருவில் பிறந்தோம் என்பதே எந்தப் படிவரை ஏறலாம் என்பதையும் சொல்லிவிட்ட காலம். அதே பள்ளிக்கு அதே தொலைவில் இருந்தும் அதன் வாசலை மிதிக்காமலே வளர்ந்த அவர் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கே சாதி செய்த வேலையை அங்கே வீட்டு விலை செய்கிறது. அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பகுதி அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. டாலஸ் இருக்கும் அதே டெக்சாஸில், சான் அன்டோனியோ நகரின் ஏழை வட்டாரமான எட்ஜ்வுட்டில், டெமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளி 1968இல் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். பக்கத்துச் செல்வ வட்டாரமான அலமோ ஹைட்ஸைவிட எட்ஜ்வுட் மக்கள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனாலும் அவர்கள் வீடுகளின் மதிப்பு குறைவு என்பதால் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 356 டாலர், அங்கே 594. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எட்ஜ்வுட் பின்னர் மாநில நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கு 1989இல்தான் வென்றது. 1968இல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். நல்ல பள்ளி இருக்கும் இடத்துக்குக் குடிபெயர முடியாத ஒரு தகப்பன், இருக்கும் பள்ளி ஏன் நல்லதாக இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. இடம் மாறும் வசதி வாய்த்த நமக்கு அதைக் கேட்கும் அவசியமே எழுவதில்லை.

சிங்கப்பூரில் அரசே தொலைவை அளக்கிறது: தொடக்கப் பள்ளியில் இடத்துக்குப் போட்டி வந்தால், ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. முறை வேறு, தெருதான் அங்கும் வாசல்.

தங்கை மகள் காட்டிய ஒன்பதும் ஆறும் பெரும்பாலும் தேர்வு முடிவுகளிலிருந்து பிறந்த எண்கள். தேர்வு முடிவுகளோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே ஏறி இறங்குபவை. ஆகவே அந்த எண் ஆசிரியரைப் பற்றிச் சொல்வதைவிட அக்கம்பக்கத்துப் பெற்றோரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. புதிதாய் வந்த பிள்ளையின் பெயரை ஓர் ஆசிரியை சரியாகச் சொல்லிப் பழகுவாரா, மாலையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி அது விளையாடக் கூப்பிடும், காய்ச்சலில் தாய் தவிக்கும்போது எந்த அடுத்த வீட்டுக்காரி கஞ்சி கொண்டு வருவாள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ராஜபாளையத்துக்கு ஒருமுறை போய்வந்தால் அது புலப்படும். அங்கு வாழும் ராஜு சமூகத்தார் தெலுங்கு நாட்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள். இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரான குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார்; தம் வீட்டையே கலை மன்றத்துக்கென ராஜபாளையத்துக்குக் கொடுத்தார். வந்திறங்கிய அந்த முதல் தலைமுறை, இரவுகளில் எந்த ஆற்றங்கரையை நினைத்து ஏங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் தயங்கித் தயங்கித் தேர்ந்த மண், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தேர்வாக இருக்கவில்லை, விழித்தபோதே காலடியில் இருந்த சொந்த ஊராக இருந்தது. பெற்றவர்களுக்கு வந்த இடமாகவே கடைசிவரை இருந்த ஒன்று பெற்ற பிள்ளைகளுக்குப் பிறந்த இடமாகிவிடுகிற அந்த மாற்றத்தில்தான், குடிபெயரும் ஒவ்வொரு தாயும் தந்தையும் தம்மை அறியாமல் செய்யும் கொடை அடங்கியிருக்கிறது: வீடும் பள்ளியும் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளை நாளை கண்ணை மூடினால் நினைவில் எழப்போகும் தெருவை, தமக்கு ஒருபோதும் அவ்வாறு எழாத ஒரு தெருவை, அவர்கள் அதன் கையில் கொடுக்கிறார்கள்.

வத்திராயிருப்பு என்ற பெயரிலேயே 'இருப்பு' இருக்கிறது. குடியிருத்தலும் இருப்பு, உள்ளதாய் இருத்தலும் இருப்பு. ஓரிடத்தில் இருக்காமல் எவரும் வெறுமனே இருந்துவிட முடியாது என்று நம் மொழி எப்போதோ கண்டுகொண்டது.

இதையெல்லாம் அவளிடம் அப்படியே சொல்லவில்லை. "ஆறு இருக்கிற தெருவையும் மாப்பிள்ளையை ஒரு சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லு. பிள்ளைகள் வெளியே விளையாடுதான்னு பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள், முகம் தெளியவில்லை.

அதுவரை என் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பெண் எழுந்து, அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினாள்.

"தாத்தா, இந்த வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு நடந்து போலாமா?"

அவள் அம்மாவும் நானும் குனிந்து, அவளோடு சேர்ந்து அந்தப் பாதையைத் தேடினோம்.