எண்ணெய்க்கு விழுந்த தண்டம்

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். உக்ரைன் போருக்குப் பணம் போகும் வழியை அடைக்கிறோம் என்றது வாஷிங்டன். எண்ணெய் வாங்குவது டெல்லி அறிந்து நடந்தது. லாபம் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனது. பெட்ரோலியப் பொருள்களுக்கோ அந்த வரியிலிருந்தே விலக்கு இருந்தது. தண்டம் வந்து விழுந்த இடங்களில் ஒன்று, எண்ணெயோடு எந்தத் தொடர்பும் இல்லாத திருப்பூர்.

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. இங்கே ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று கைமாறிக் கைமாறிப் போகிறது. வாங்குபவர் வரியைக் காட்டித் தள்ளுபடி கேட்டால், ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைப்பார். ஜாப் ஒர்க் எடுத்தவர் பீஸ் ரேட்டைக் குறைப்பார். அதற்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகிறது. சனிக்கிழமை சம்பளத்தில் வாடகையோ மளிகை பாக்கியோ ஏதோ ஒன்று நின்றுபோகிறது.

இது அநீதி என்று சொல்வதற்கு முன் எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு கேட்க வேண்டும். உக்ரைன் மீதான படையெடுப்பு நியாயமற்றது. குண்டு வீசுவதைவிட வரி விதிப்பது மேல். தன் சந்தையை யாருக்குத் திறப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. இவற்றில் எதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. போதாக்குறைக்கு, நம் வரலாறே நம்மைக் கேள்வி கேட்கிறது: விடுதலைப் போராட்டத்தின் அந்நியத் துணிப் புறக்கணிப்பு இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளரின் கஷ்டத்தைக் கூட்டியதே, அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

காந்தி இந்தக் கேள்வியிலிருந்து ஒளிந்துகொள்ளவில்லை. 1931 செப்டம்பரில் லங்காஷயருக்கே போய், வேலையிழந்தவர்களின் நடுவில் நின்று, தன் தரப்பைச் சொன்னார். அவர் எதிர்த்த தீங்கும் துணி வியாபாரத்திலேயே இருந்தது. 1896-ல் லங்காஷயருக்குச் சாதகமாக இந்திய ஆலைத் துணிக்கே 3.5 விழுக்காடு கலால் வரி போட்டது பிரிட்டிஷ் ஆட்சி. தீங்கும் புறக்கணிப்பும் ஒரே பொருளில் இருந்தன. ரஷ்ய எண்ணெய்க்கும் திருப்பூர் டி-ஷர்ட்டுக்கும் நடுவில் அப்படி எந்த இழையும் கிடையாது. ரஷ்ய எண்ணெயை இந்தியாவைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அப்போது இந்தத் தண்டம் விழவில்லை. யார் தவறு செய்தார் என்று பாராமல் யார் கையை முறுக்க முடியும் என்று பார்ப்பதுதான் ஏகாதிபத்தியம். படையும் கொடியும் அதற்குக் கட்டாயமில்லை.

அதே அமெரிக்கா வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் ஒப்பந்தம் கண்டது. கட்டாய உழைப்புப் புகாரில் அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை ஜூலையில் நிறுத்தியது. நிலைமை திருந்தியதென்று செப்டம்பரில் தடையை நீக்கியது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வந்த தடை என்பதால் அதிலும் குறை உண்டு. ஆனாலும் பிடித்தது புகாருக்குள்ளான ஆலையை. திருத்தும் சக்தி அந்த ஆலையிடம் இருந்தது. திருத்தியதும் கதவு திறந்தது. தையல் மெஷினில் இருப்பவர் எதைத் திருத்தினால் அந்த 50 விழுக்காடு வரி குறைந்திருக்கும்?

டெல்லிக்கும் இதில் பொறுப்பு உண்டு. மலிவு எண்ணெய் நாட்டு நலனுக்காக என்றால், அதற்கான விலையையும் நாடுதான் தர வேண்டும். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கடன் உத்தரவாதம் அறிவித்தது. அது தேவையான உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உத்தரவாதம் கம்பெனியின் வங்கிக் கடனுக்கு. பறிபோன அரை ஷிப்ட் எந்த வங்கிக் கணக்கிலும் பதிவாவதில்லை. அதை யார் ஈடுகட்டுவது என்பதற்கு இரண்டு தலைநகரங்களும் இன்னும் பதில் சொல்லவில்லை.