கேரியரைப் பிடித்தவள்

குழந்தை விழுந்தால் மதுரையில் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஒண்ணுமில்ல, எந்திரி எந்திரி" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும், அவ்வளவுதான். 36 வயதுப் பெண் விழுந்தால் நாலு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். இன்னொருவர் "பிரஷரா மேடம், காலைல சாப்பிட்டீங்களா?" என்கிறார். காலில் சக்கரம் கட்டியிருப்பதைப் பார்த்த பிறகும் அப்படித்தான் கேட்கிறார்கள். இவள் எதையோ கற்றுக்கொள்கிறாள், அதனால் விழுகிறாள் என்று நினைக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பெரியவர் விழுந்தால் அது நோய், விபத்து, இல்லையென்றால் குடி. நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று நம் தெருக்களுக்குப் பழக்கமில்லை.

எனக்கு இந்த ஆசை பனியில்தான் தொடங்கியது. 2018-19இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேக்யூப் என்று ஒரு மால் இருந்தது, 2023இல் மூடிவிட்டார்கள். அதற்குள்ளே ஒலிம்பிக் அளவில் ஒரு பனித்தளம். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் காலணி வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கலாம். ஓரச் சுவரைப் பிடித்தபடியே முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்தேன். என்னைப் போலவே சுவரைத் தடவிக்கொண்டு வந்தவர்களில் அறுபது வயதுக்காரரும் இருந்தார். தளத்தின் நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஒற்றைக்காலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பொதுநேரம் என்பதன் அழகே இதுதான். தேர்ந்தவளும் தெரியாதவனும் ஒரே பனியில், ஒரே திசையில் சுற்றுவார்கள். யாரும் யாரையும் தரம் பிரித்து உட்காரவைக்க மாட்டார்கள்.

மதுரைக்குத் திரும்பியபின் பனிக்கு எங்கே போக? ஷிம்லாவில் 1920லிருந்து திறந்தவெளிப் பனித்தளம் இருக்கிறது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஒன்றைக் கட்டினார்கள். எங்களுக்கு ஐஸ் என்றால் ஜிகர்தண்டா, மீன் மார்க்கெட். ஆக, சக்கரத்துக்கு மாறினேன். ஊருக்கு வடக்கே ஒரு சிமெண்டுத் தளம், ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை. எட்டு மணிக்கு மேல் வெயிலில் சிமெண்டு கொதிக்க ஆரம்பித்துவிடும். நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. அவர்களில் பாதிப்பேர் என் இடுப்பு உயரம். எனக்கு அங்கே பெயர் கிடையாது, "ஆன்ட்டி நகருங்க"தான்.

மாஸ்டர் முதல் வாரம் முழுக்க விழத்தான் சொல்லிக்கொடுத்தார். முட்டியை மடக்கு, உடம்பைத் தாழ்த்து, பக்கவாட்டில் சரி. விழுந்ததும் விரலை மடக்கி முஷ்டியாக்கிக்கொள், இல்லையென்றால் பின்னால் வருகிறவனின் சக்கரம் ஏறிவிடும். "கைய மட்டும் ஊனிராதீங்கக்கா. மனுசனுக்குத் தானா வர்ற புத்தி அது. அத மறக்குறதுதான் மொதப் பாடம்." பத்து வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவளுக்கு, உடம்பு தானாகச் செய்வதைச் செய்யவிடாமல் தடுக்கவேண்டும் என்பது புதுச் செய்தியாக இருந்தது.

மைக்கேல் போலன்யி 1958இல் வெளிவந்த தன் புத்தகத்தில் சைக்கிளை வைத்து இதை விளக்கியிருக்கிறார். சைக்கிள் ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிக்கிறான். அவன் போடும் வளைவு வேகத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இந்தச் சூத்திரம் ஓட்டுகிற எவனுக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து ஓட்ட முடியாது. நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கு நேர்ந்ததோ அதற்குத் தலைகீழ். யூடியூபில் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன், எந்த விளிம்பில் எடையைப் போடவேண்டும், தோளை எங்கே திருப்பவேண்டும் என்று ஒப்பிப்பேன். காலுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "இதக் கத்து என்ன பண்ணப் போற?"

இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. சமையல் கற்றால் சாப்பிடலாம், கார் ஓட்டக் கற்றால் ஊருக்குப் போகலாம். 36 வயதில் சக்கரக்காலில் பின்பக்கமாக ஓடக் கற்று என்ன செய்ய? போட்டிக்குப் போகப்போவதில்லை. உடம்பு இளைக்கும் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். நடந்தாலே இளைக்கும், அதுக்கு ஏன் எட்டுச் சக்கரம் என்று அம்மா கேட்காமல் விட்டது பெருந்தன்மை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பார்கள். பிள்ளைகளைச் சீக்கிரம் பழக்கு என்று பெற்றோருக்குச் சொன்ன வார்த்தையாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். அதை எடுத்துப் பெரியவர்களின் வாசலில் பூட்டாக மாட்டிவிட்டோம். ஆனாலும் அதிலிருக்கும் உண்மையை மறுக்க முடியாது. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் உலகத் தங்கம் வாங்கியபோது, மாஸ்டர் எல்லோரையும் உட்காரவைத்து போனில் காட்டினார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தேன். அவர்கள் ஒவ்வொருவரும் அந்த போனுக்குள்ளே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. மாஸ்டர் என் முட்டியைத் திருத்த எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம், அந்தப் பிள்ளைகளில் யாரோ ஒருவருடைய பத்து நிமிடம். இது நியாயமா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நிஜமாக யோசித்தேன்.

அரிஸ்டாட்டிலிடம் எனக்குச் சாதகமாக ஓரிடம் உண்டு. 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் இசைக்கல்வி பற்றிப் பேசும்போது, சுதந்திர மனிதன் இசையை ரசிக்கும் அளவுக்குக் கற்றால் போதும், போட்டிக்காரர்களின் வித்தை அளவுக்குப் போகவேண்டியதில்லை என்கிறார். படித்தபோது துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் உறுத்தியது. அவருடைய சுதந்திர மனிதனுக்கு வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். சும்மா கற்றுக்கொள்ளும் ஓய்வை அவர்கள்தான் அவனுக்குச் செய்து கொடுத்தார்கள். "உங்களுக்கென்ன, ஐ.டி. சம்பளம், ஞாயித்துக்கெழம சக்கரம்" என்று தோழி ஒருத்தி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், சுருக்கமாக.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 'ஃபிகர்' என்பது உடல்வாகு இல்லை. பனியில் கத்தியால் கீறும் உருவம். வட்டம், எட்டு, அதற்குள் திருப்பங்கள். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போகவேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1968 வரை மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் மேல் இதற்குத்தான். டி.வி.யில் பார்க்கிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது, தூக்கம்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1990க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்தே விட்டார்கள். பெயர் மட்டும் மிச்சம். தாவலும் சுழற்சியும் பார்வையாளருக்கு. எட்டுப் போடுவது போடுகிறவருக்கும் தரைக்கும் நடுவில் நடக்கிற விஷயம். சிமெண்டில் அந்தக் கீறலும் விழாது. சாக்பீஸால் ஓர் எட்டு வரைந்து நான் அதன் மேல் போவேன், பிள்ளைகள் பின்னாலேயே வந்து அழித்துக்கொண்டு போவார்கள். இருந்தும் ஒருநாள் இடது காலின் வெளிவிளிம்பில் பாதி வட்டம் வந்தது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு நொடி இருக்கலாம். அந்த இரண்டு நொடியில் நான் எதையும் செய்யவில்லை, அது நடந்தது. அம்மாவுக்கான பதில் அதில் இருக்கிறது என்று நினைத்தேன். பயன் இல்லாமல் ஒன்றைக் கற்கும்போதுதான் கற்பது என்பதே கைக்குச் சிக்குகிறது, சம்பளமோ சான்றிதழோ நடுவில் நின்று மறைப்பதில்லை. என் நேரம், என் உடம்பு, என் இஷ்டம். யாருக்கு என்ன?

நவம்பரில் மணிக்கட்டு உடைந்தது.

யார் மேலும் தப்பில்லை. வேர்க்கிறது என்று மணிக்கட்டு உறையைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்பும்போது சறுக்கியது, மறந்திருக்கவேண்டிய புத்தி மறக்கவில்லை, கையை ஊன்றிவிட்டேன். வலது கை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

'என் உடம்பு' என்ற வார்த்தை எவ்வளவு லேசானது என்று மறுநாள் காலை தெரிந்தது. அம்மாதான் தலை சீவிவிட்டாள். தோசையைப் பிய்த்து வைத்தாள். குளிக்கும்போது மாவுக்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினாள். அவளுக்கு 58, முழங்கால் வலி வேறு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் உடைத்தது என் எலும்பு, வேலை பார்த்தது அவள் முழங்கால். துணிந்து ஏதாவது செய்யப்போகிற யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. துணிவைப் பற்றிய நம் கதைகளிலும் சோறு ஊட்டிவிட்டவர் வருவதில்லை.

ஒரு திட்டுகூட விழவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒருநாள் பின்னலை முடிந்துகொண்டே சொன்னாள்: "அறிவொளில சைக்கிள் பழகுனப்ப உங்க அத்தைக்கும் இப்பிடித்தான் கை போச்சு."

எங்கள் அப்பா ஊர் திருமயம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். அங்கே நடந்ததை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம், பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்துக் கற்பிப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்பித்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் முனைப்பாக இருந்தார், சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள் என்று கொஞ்ச காலத்தில் ஏறத்தாழ லட்சம் பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள், நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. கேலி பேசாத ஆண்கள் குறைவு. விழுகிற பெண்ணைப் பார்க்க மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்குமாம்.

அதிலே பயன் இருந்தது: தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் இருக்க. அதையும் என் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாய்நாத்திடம் பேசிய பெண்கள் முதலில் எடுத்தது தன்னம்பிக்கைப் பேச்சை. வருமானக் கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

"நீ பழகலையாம்மா?"

"நீ இடுப்புல இருந்தியே."

1992. எனக்கு மூன்று வயது. இறக்கிவிட்டால் அழுவேனாம். பழகுகிறவர் பின்னால் ஒரு ஆள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். அம்மா அத்தைக்கு ஓடினாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓடினாள், அங்கன்வாடி டீச்சருக்கு ஓடினாள். ஒரு கையில் நான், மறு கையில் கேரியர். "பாதி தூரத்துல விட்டுறணும். விட்டுட்டேன்னு சொல்லக்கூடாது. சொன்னா விழுந்துருவாக."

நான் உடனே இதை ஒரு தியாகக் கதையாக்கிக்கொண்டேன். அம்மா இழந்த சைக்கிள், மகள் காலில் சக்கரம், வட்டம் பூர்த்தி. இரண்டு நாள் அதிலேயே உருகினேன். சுத்தப் பொய். சிங்கப்பூரில் பனியில் இறங்கியபோது அம்மாவின் சைக்கிள் எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவும் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. "ஒனக்கு வருத்தமா இல்லயா?" என்று கேட்டதற்கு, "எதுக்கு? அப்பிடி ஓடுறது நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கப்பறம் நான் எங்கிட்டு ஓடுனேன்?" என்றாள்.

இந்தப் பதிலை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பயனுள்ள கற்றல், பயனற்ற கற்றல் என்று நான் பிரித்து வைத்திருந்ததில் இது இரண்டிலும் சேரவில்லை. அவள் எதையும் கற்கவில்லை. ஓடியதால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. சந்தோஷமாக இருந்திருக்கிறாள், அதுவும் மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்கு நடுவில், கேரியரைப் பிடித்துக்கொண்டு. அந்த இரண்டு நொடி அரைவட்டம் என்னுடையது மட்டும் என்று எழுதினேனே, அந்த வரியை இப்போது எழுதினால் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன். மாஸ்டரின் பத்து நிமிடம் அதில் இருக்கிறது. "ஆன்ட்டி, முட்டிய மடக்குங்க" என்று கத்திக்கொண்டே கடந்துபோன ஏழு வயதுக்காரி இருக்கிறாள். அதனால் கடன் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். இன்னொரு எலும்பு உடைந்தால் யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. மூன்று மாதம் சக்கரம் கட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு வீடு கழுவும்போது அம்மா பரணிலிருந்து ஸ்கேட்ஸை இறக்கித் திண்ணையில் வைத்தாள். ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுப் பார்த்தாள். அது கரகரவென்று சத்தம் போட்டுப் பாதியில் நின்றது.

"மண்ணு ஏறிக் கெடக்கு" என்றாள். "தேங்காண்ணெய் போடலாமா, இல்ல இதுக்குன்னு தனி எண்ணெய் இருக்கா?"