சாட்சி சொல்லும் யந்திரம்

யந்திரம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை நம் காலத்தில் ஆழ வேரூன்றிவிட்டது. மனிதச் சாட்சிக்கு அச்சமுண்டு, ஆசையுண்டு, மறதியுண்டு; யந்திரத்துக்கு இவை இல்லை. ஆகவே யந்திரத்தின் கூற்றே முடிந்த முடிபு என வாதிப்போர் உளர். இவ்வாதம் எத்துணை ஏற்புடையது?

இன்றைய மோட்டார்க் கார்களில் காற்றுப்பையை இயக்கும் அமைப்போடு இணைந்த பதிகருவி ஒன்று உண்டு. மோதலுக்கு முந்திய சில விநாடிகளில் வண்டியின் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா, ஆசனப்பட்டி அணியப்பட்டிருந்ததா என்பவற்றை அது குறித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி இக்காலத்தை 5 விநாடி என வரையறுத்தது. ஆயினும் அது காட்டும் வேகம் பெரும்பாலும் சக்கரச் சுழற்சியிலிருந்து கணிக்கப்படுவது. சக்கரம் இறுகி வண்டி வழுக்கும்போது அவ்விலக்கம் மெய்யான வேகமாகாது. பிரேக்கை மிதித்தவன் எதைக் கண்டு மிதித்தான் என்பதையோ எவ்விலக்கமும் உரைக்காது.

எனினும், கருவியின் குறைபாட்டிலும் பாரதூரமானது வாசிப்போரின் நிலைப்பாடு. 2006 ஒக்டோபரில் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கோபால்ட் கார் ஒன்று வீதியை விட்டு விலகி மரங்களில் மோதியது. இரு இளம் பெண்கள் மாண்டனர்; காற்றுப்பைகள் விரியவில்லை. மோதும் வேளையில் சாவி ஓட்டநிலையிலிருந்து நழுவியிருந்தது எனப் பதிகருவி காட்டிற்று. சாவி நழுவியமையே பைகள் விரியாமைக்குக் காரணமாகலாம் என விசாரணை செய்த பொலிஸ் அதிகாரி 2007இல் எழுதிவைத்தார். கார்களை நிறுவனம் மீள அழைத்ததோ 2014இல். அதன் இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

சான்று இருந்தது, அதனை வாசிக்கத் தெரிந்தவரும் இருந்தனர். இல்லாதிருந்தது அதனை ஏற்கும் மனம். சாரதியின் பிழையைத் தேடுவோர் வேகத்தையும் ஆசனப்பட்டியையும் பார்ப்பர். சாவியின் நிலை கண்முன் கிடந்தும் அவர்க்குப் பொருள்படாது. எனவே, உண்மை புறநிலையானது என்பது மெய்யே. ஆயின் அது தானே பேசுவதில்லை. எக்கேள்வியை, எவர், எவர் நலன் கருதிக் கேட்கின்றார் என்பதைப் பொறுத்தே அது வெளிப்படுகிறது.

இப்பதிவு வண்டியின் உரிமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்தவருக்கோ சொந்தமென 2015இல் அமெரிக்கச் சட்டம் விதித்தது. நிறுவனங்களின் பிடியிலிருந்து அதனை மீட்டமை நன்றே. ஆனால், பிறர் வண்டியைக் கூலிக்கு ஓட்டும் தொழிலாளியின் கதி யாது? அவன் காலின் அசைவு பதிவாகிறது. பதிவோ முதலாளியின் உடைமை. குற்றஞ்சாட்டப்படுபவன் அவனே, சான்றின் மீது உரிமையற்றவனும் அவனே!

யந்திரத்தை வெறுப்பது இதற்கு மருந்தன்று. அதன் சாட்சியம் வேண்டும். அதைவிட வேண்டுவது, அச்சாட்சியை இரு தரப்பாரும் சமமாகத் திறந்து வாசிக்கவும் வினவவும் இயலும் நிலை. அது வாய்க்கும் வரையில் யந்திரத்தின் நேர்மை வலியோரின் வாதத்துக்கே துணைநிற்கும்.