போர்க்காலத்தில் முட்டை விலை

சீடன்: ஐயா, இன்று பாடம் வேண்டாம். இரவு வெகுநேரம் உக்ரைன் போர்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் எதிலும் ஒட்டவில்லை.

குரு: பார்த்து என்ன தெரிந்துகொண்டாய்?

சீடன்: எந்த ஊர் விழுந்தது, எந்த மின்நிலையம் எரிந்தது, எந்தத் தலைவர் யாரைச் சந்திக்கப் போகிறார், எல்லாம் தெரியும்.

குரு: அங்கே சண்டை போடுகிறவனுக்கு முட்டை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரியுமா?

சீடன்: அதெல்லாம் ஒரு செய்தியா ஐயா?

குரு: 2023 ஜனவரியில் அந்த நாட்டில் அதுதான் தலைப்புச் செய்தி. படைக்கு உணவு வாங்கும் ஒப்பந்தத்தில் முட்டை ஒன்று 17 ஹிரிவ்னியா என்று போட்டிருந்தது. கீவ் நகரக் கடைகளில் அப்போது 7 ஹிரிவ்னியாவுக்குக் கிடைத்தது. யூரி நிகோலோவ் என்கிற பத்திரிகையாளர் இதை வெளியே கொண்டுவந்தார். எடைக் கணக்கை எண்ணிக்கைக் கணக்காக எழுதிவிட்ட பிழை என்று பாதுகாப்பு அமைச்சகம் சமாதானம் சொன்னது. சில நாளில் துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அமைச்சர் ரெஸ்னிகோவ்மீது திருட்டுக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் செப்டம்பரில் அவரும் போகவேண்டியதாயிற்று.

சீடன்: எதிரி வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் முட்டைக் கணக்கா? எதிரிக்கு அது கொண்டாட்டம் இல்லையா?

குரு: உனக்கு முன்பே பெரிய மனிதர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். 2003-04-இல் அமெரிக்கா ஈராக்குக்கு ஏறத்தாழ 1,200 கோடி டாலரை ரொக்கமாகவே விமானத்தில் ஏற்றி அனுப்பியது. ஈராக்கியர்களின் பணம்தான், பெரும்பாலும் எண்ணெய் விற்றது. அந்த ஈராக்கியப் பணத்தில் 880 கோடி டாலர் எப்படிச் செலவானது என்பதற்கு ஒழுங்கான கண்காணிப்பே இல்லை என்று 2005-இல் அமெரிக்கத் தலைமை ஆய்வாளர் அறிக்கை கொடுத்தார். அங்கே ஆட்சி நடத்திய பால் பிரெமர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? போருக்கு நடுவே மேற்கத்தியக் கணக்கு முறையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றார். திருடன் சொல்ல வேண்டியதைத் திருடாதவர்களே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சீடன்: அது பேரரசின் ஊதாரித்தனம். சின்ன ஊர்களில் அப்படி நடக்காது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

குரு: அதனாலேயே நடக்கும். இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 16,000. ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர். மேயரும் நான்கு ஆணையர்களும் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக நிர்வாகம் செய்தார்கள். கணக்கு முழுவதும் ரீட்டா கிரண்ட்வெல் என்ற ஒரே அதிகாரியின் கையில். 1990 டிசம்பரில் அவர் நகராட்சியின் பெயரில் ரகசியமாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கினார். வளைகுடாப் போர் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. மாநில அரசு அனுப்பியதுபோலப் பொய் ரசீதுகள் தயாரித்து, நகராட்சிப் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். வளைகுடாப் போர் முடிந்தது, ஆப்கானிஸ்தான் வந்தது, ஈராக் வந்தது. 2012 ஏப்ரலில் அவரைக் கைது செய்தபோது போயிருந்த தொகை 5 கோடியே 37 லட்சம் டாலர்.

சீடன்: ஒரு சின்ன ஊரின் பணத்திலா? யாருக்கும் உறைக்கவில்லையா?

குரு: சாலை போடப் பணமில்லை, ஆளைக் குறைக்க வேண்டும் என்று நகரமன்றத்தில் வருந்திக்கொண்டிருந்தார்கள். மாநில அரசு பணம் தரத் தாமதிக்கிறது என்று அவரே காரணமும் சொன்னார். ஏறத்தாழ 80,000 டாலர் சம்பளக்காரர் கண்காட்சிப் போட்டிகளுக்கென்று நானூறு குதிரைகள் வளர்த்தது ஊருக்கே தெரியும். குடும்பச் சொத்து இருக்கும்போல என்று விட்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் தணிக்கையாளர் கையெழுத்தும் விழுந்தது. வரிப்பணத்தைத் தன் சொந்தப் பணம்போலப் பார்த்துக்கொள்கிறார் என்று மன்றத்தில் ஒருவர் அவரைப் பாராட்டியே பேசினார்! அந்த உவமையில் தவறில்லை என்பதுதான் கொடுமை.

சீடன்: எப்படிப் பிடிபட்டார்?

குரு: 2011-இல் நீண்ட விடுப்பில் போனார். அவருடைய வேலையைப் பார்த்த எழுத்தர், வங்கியிடம் எல்லாக் கணக்கு விவரங்களையும் கேட்டு வாங்கினார். தெரியாத கணக்கு ஒன்று இருந்தது. மேயரிடம் சொன்னார், மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். இருபத்தோரு ஆண்டுக் காலத் திருட்டு ஒரு சாதாரண அலுவலகக் கேள்வியில் விழுந்தது.

சீடன்: இங்கே எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. ஆராயாமல் நம்புவதும் தீராத துன்பம், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்று வள்ளுவரே 510-ஆம் குறளில் சொல்கிறார். டிக்சன்காரர்கள் நம்பிவிட்டார்கள். அதற்குமேல் நோண்டுவது தவறு என்றல்லவா ஆகிறது?

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். பத்துக் குறள் தள்ளிப் படி. 520-இல், மன்னன் நாள்தோறும் பார்க்கவேண்டும் என்கிறார். வேலை செய்பவன் கோணாதவரை உலகம் கோணாது என்கிறார். சந்தேகப்படாதே என்றவரே தினமும் பார் என்று ஏன் சொல்கிறார்? சந்தேகம் ஆளைக் குறித்து வருவது. கணக்குப் பார்ப்பது யார் நாற்காலியில் இருந்தாலும் நடப்பது. அதில் யாருக்கும் அவமானமில்லை. டிக்சனில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வணக்கம் சொன்ன முகத்திடம் திங்கட்கிழமை எப்படி வங்கித் தாளைக் கேட்பது என்று கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஆண்டுக்கு இருபத்தைந்து லட்சம் டாலர் விலை. பிறகு தணிக்கை நிறுவனத்தோடும் வங்கியோடும் வழக்காடி ஊர் 4 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது தனிக் கதை.

சீடன்: இருக்கட்டும். ஆனால் போர் வேறு, நகராட்சி வேறு. இரண்டையும் ஏன் ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள்?

குரு: நான் கட்டவில்லை. உக்ரைனில் வரிச்சட்டமே கட்டியிருந்தது. படைவீரர் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியின் பெரும்பங்கு, அவர்களுடைய படைப்பிரிவு பதிவாகியிருந்த ஊரின் உள்ளாட்சிக்குப் போனது. போர் பெருகப் பெருகப் படை பெருகியது, வரி கொழித்தது. அகழியில் கிடப்பவனின் சம்பளத்திலிருந்து வந்த பணத்தில் எங்கோ ஓர் ஊரில் நடைபாதைக்குக் கல் பதிக்கலாம். சட்டப்படி அதில் குற்றமில்லை, அதுதான் சிக்கல். 2023 இலையுதிர்காலத்தில் கீவ் நகரமன்றத்தின் முன் மக்கள் கூடி, கல் பதிக்கும் பணத்தைப் படைக்குக் கொடு என்று கத்தினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் அரசு அந்த வரியைத் தன் கருவூலத்துக்கே எடுத்துக்கொண்டது.

சீடன்: அப்படியென்றால் உள்ளாட்சியின் கழுத்தை நெரித்தது சரியா?

குரு: முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். குண்டு விழுந்த ஊரில் தண்ணீர்க் குழாயை ஒட்டுவதும் உள்ளாட்சிதான். கல் பதித்த சில நகரமன்றங்களுக்காகக் குழாய் ஒட்டிய மன்றங்களும் தண்டம் கட்டின.

சீடன்: என் கேள்வியை விடவில்லை ஐயா. கணக்கு சுத்தமாக இருந்தால் போர் சுத்தமாகிவிடுமா? அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாரா ஒரு காசு திருடியவர் இல்லை. வியட்நாமில் பிணங்களைக்கூட எண்ணிக் கணக்கு வைத்தார். அந்தக் கணக்கு யாரைக் காப்பாற்றியது?

குரு: யாரையும் காப்பாற்றவில்லை. நேர்மையான எழுத்தர்கள் அநியாயமான போர்களுக்கும் பேரேடு எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனால் இதையும் பார். வியட்நாம் போர் வேண்டுமா என்ற கேள்வியை அமெரிக்க மக்கள் பெருமளவில் கேட்கத் தொடங்கியது, சொல்லப்பட்ட எண்களை நம்ப மறுத்த பிறகுதான். கணக்குக் கேட்டுப் பழகாத வாய் நியாயம் கேட்கவும் திறக்காது.

சீடன்: போர் நடக்கும் நாட்டில் திறக்க விடுவார்களா?

குரு: 2025 ஜூலையில் உக்ரைன் நாடாளுமன்றம், ஊழல் தடுப்புப் பணியகத்தையும் அதன் தனி வழக்குரைஞர் அலுவலகத்தையும் தலைமை அரசு வழக்குரைஞரின் கீழே தள்ளிச் சட்டம் போட்டது. போர்ச்சட்டத்தில் கூட்டம் கூடவே தடை. அப்படியும் கீவ், லிவிவ், ஒடேசா என்று தெருவுக்கு வந்து அட்டையில் எழுதிப் பிடித்தார்கள், பெரும்பாலும் இளவட்டங்கள். ஒன்பது நாளில் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. நவம்பரில் அதே பணியகம் அரசு அணுமின் நிறுவனத்தில் 10 கோடி டாலர் கமிஷன் விவகாரத்தை வெளியிட்டது. ஒப்பந்தக்காரர்களிடம் 10 முதல் 15 விழுக்காடு வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள்.

சீடன்: அதைக் காட்டியே உக்ரைனுக்குப் பணம் கொடுக்காதே என்று அப்போது ஹங்கேரிப் பிரதமராக இருந்த ஓர்பான் பேசினாரே.

குரு: பேசினார். கணக்குக் கேட்டால் அந்த இழப்பு வரும்தான். கேட்காமல் இருந்தால் மின்நிலையத்துக்குப் பாதுகாப்புச் சுவர் எழுப்ப வேண்டிய காசில் பங்கு போகும். இரண்டில் எது ஆளைக் கொல்லும் என்று நீயே யோசி.

சீடன்: நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை ஐயா.

குரு: ஒப்புக்கொள்ளாதே. உன் நகராட்சியின் இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்திருக்கிறாயா?

சீடன்: இல்லை. கேட்டால் கொடுப்பார்களா?

குரு: கேட்டுப் பார். யாருக்கு எரிச்சல் வருகிறது என்று வந்து சொல்.